கடைசித் தட்டு

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை என்றால் பெரியவளுக்கு எழுந்திருக்கும்போதே உடம்பு அலுத்திருக்கும். மற்ற நாள்களில் சாயங்காலம் வருகிற அலுப்பு, அன்றைக்கு மட்டும் முன்கூட்டியே வந்து கட்டில் ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும். அன்றுதான் குழு கூடுகிற நாள்.

படையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கை கொடுப்பதற்காக நகராட்சி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகம், முன்னாள் படையினர் சங்கம் எல்லாம் சேர்ந்து அமைத்த குழு அது. ஐந்து இடத்துக்கும் நடக்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்குப் பெரியவளை இணைப்பாளர் என்று போட்டிருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்கு மருமகளா இருக்கிறதே பெரும்பாடு. நீ அஞ்சு வீட்டுக்கு மருமக," என்று அவள் கணவர் கேலி செய்வார். கேலி என்றாலும் அவள் செருப்பை அவர்தான் மாதம் ஒருமுறை தைத்து வாங்கி வருவார்.

இத்தனை நாள் ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடந்தவள், இந்த வியாழக்கிழமை தன் வீட்டுப் பிள்ளைக்காகவே நடக்க வேண்டியிருந்தது. கொழுந்தன், வீட்டில் எல்லாரும் சொல்கிற சின்னவர், ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. பதினெட்டு வருஷம் படையின் சமையற்கூடத்தில் இருந்தவர். இரைகிற பெரிய பர்னர்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது.

போன வாரம் அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் தலைமைச் சமையற்காரர் வேலை. நிபந்தனை ஒன்றே ஒன்று. அங்கே நீராவிக் கொதிகலன் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் விசில் அடிக்கும், அது காதில் விழ வேண்டும். ஒரு காதாவது ஒழுங்காகக் கேட்கிறது என்ற சான்றிதழ் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வரவேண்டும். வராவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

காது டாக்டர் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவது வியாழக்கிழமை காலையில் மட்டும். பொது வரிசையில் நின்றால் ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுப்பார்கள். படையினருக்கென்று குழு கேட்டு வாங்கியது இரண்டே இடம். அதில் பதினோரு மணி இடத்தைத்தான் பெரியவள் கொழுந்தனுக்காக எடுத்து வைத்திருந்தாள்.

காலைச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"தட்டு போட்டாச்சு, வந்து உக்காருங்க," என்றாள் சின்னவள், கொழுந்தனின் மனைவி.

சின்னவர் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"பாத்தீங்களாக்கா? சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்."

"காது கேக்கலம்மா அவருக்கு."

"பிள்ளைங்க கூப்பிட்டா பாதி நேரம் கேக்குது. என் குரல்தான் கேக்கறதில்ல. சரி, அது போகட்டும். சாப்பாடு என்ன பாவம் பண்ணிச்சு?"

எல்லாரும் எழுந்து போன பிறகு, மிஞ்சியிருந்த ரொட்டித் துண்டைச் சின்னவர் எடுத்தார். நின்றபடியே நாலு வாயில் தின்று முடித்தார். ஐந்து மாதமாக இதே கதைதான். யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பெரியவள் அவர் எதிரே போய் நின்று, உரக்கச் சொன்னாள். "தம்பி, பதினோரு மணி. மறந்துடாதீங்க. படையில இருந்ததுக்கு அத்தாட்சியா படைப் புத்தகத்தை எடுத்துக்குங்க."

"சரி அண்ணி."

வாசல்வரை சின்னவள் கூடவே வந்தாள். சலவைக் கூடத்தில் வேலை செய்பவள், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

"அக்கா, இந்த வேலையும் கை நழுவிச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். சண்டை போட்டுட்டுப் போகல. சண்டை போடக்கூடத் தெம்பு இல்லாமப் போறேன்."

பெரியவள் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

* * *

குழு கூடுகிற அறை ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது. முன்பு போர்வைகள் அடுக்கி வைத்திருந்த இடம். உயரம் பொருந்தாத இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். யார் டீ வைத்தாலும் அது நடுவிலுள்ள பள்ளத்தை நோக்கி நகரும்.

"நாலு மாசத்துல பதினேழு பேர்தான் பதிவேட்டுல 'ஆம்'னு எழுதியிருக்காங்க," என்றார் நகராட்சி அதிகாரி. ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரிடமும், 'நீங்கள் படையில் பணியாற்றியவரா?' என்று கேட்டு, அவரவர் கையாலேயே பதில் எழுத வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். 'ஆம்' என்று எழுதியவருக்குத்தான் படையினர் இடம். "சங்கத்துல மொத்தம் எத்தனை பேர்?"

"இருநூத்திப் பன்னெண்டு," என்றார் சங்கச் செயலர். இருபத்தாறு வருஷம் படை லாரி ஓட்டியவர். பேசும்போதும் கை கியர் மாற்றுவது போல ஆடும் என்பதால் ஊரில் அவர் பெயரே 'கியர்' என்றாகிவிட்டது.

"அப்ப மீதிப் பேருக்குக் கண்ணு, காது, முட்டியெல்லாம் எஃகுல செஞ்சிருக்கா?"

"எஃகும் இல்ல, ஈயமும் இல்ல. கேட்டா, 'அதெல்லாம் அடிபட்டவங்களுக்கு'ம்பான். அடிபட்டவன்கிட்ட கேட்டா, 'கை போனவனுக்கு'ம்பான். கை போனவன்கிட்ட கேட்டா, 'உயிர் போனவனுக்கு'ம்பான். உயிர் போனவன் வந்து டோக்கன் வாங்கவா போறான்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்மையாக இருந்தது.

பதினொன்றே காலுக்கு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இணைப்பாளரம்மா, உங்க பதினோரு மணி ஆள் வரல. டாக்டர் காலி நாற்காலியைப் பாத்துட்டு டீ குடிச்சிட்டிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு வண்டி வந்துடும்."

பெரியவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். படியிறங்கி ஓடினாள். கியரும் பின்னாலேயே இறங்கினார்.

* * *

சின்னவர் வராமல் இல்லை. கீழே பொது வரிசையில், அறுபது பேருக்கு நடுவில், முதுகு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சீட்டு.

"தம்பி, இது என்ன?"

"எண்ணு அண்ணி. தொண்ணூத்தி நாலு."

"எண்ணைக் கேக்கல." அவள் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினாள். கட்டம் கட்டமான அவருடைய கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. "இதைக் கேக்கறேன்."

அவர் தரையைப் பார்த்தார். "துப்பாக்கி தூக்கினது பயிற்சியில மட்டும்தான். அப்புறம் பதினெட்டு வருஷமும் கரண்டிதான். அந்த இடம் யாருக்கோ வச்சது, அண்ணி."

"யாருக்கு?"

"யாராவது இருப்பாங்க."

"அந்த யாராவது வரல. நீங்க விட்டுக் குடுத்தது ஒருத்தர் வயித்துக்கும் போகல, தம்பி. வீணாப் போச்சு."

அந்தக் கடைசி வார்த்தை அவரைச் சுட்டது. சமையற்காரன் காதில் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் விழுகிற வார்த்தை அது. ஆனாலும் வரிசையை விட்டு நகரவில்லை.

பதிவேடும் பேனாவும் பெரியவள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஒரு கோடு போட்டு, ஓர் எழுத்து மாற்றினால் போதும். அவரவர் கையால் எழுத வேண்டும் என்பது குழுவின் விதி. ஆனால் அவளைத் தடுத்தது விதி மட்டும் இல்லை. ஒருவரைக் குனிய வைத்துச் செய்கிற உபகாரம் ஆண்டவன் கணக்கில் ஏறாது என்று அவள் நம்பினாள். பேனாவைத் தொடாமல், காத்திருந்தாள். கடிகாரம்தான் காத்திருக்கவில்லை.

அப்போது வாசல் பக்கமிருந்து சின்னவள் வந்தாள். சலவைக் கூடத்து ஈர ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கையில் படைப் புத்தகம்.

"அரை நாள் லீவு போட்டு வீட்டுக்குப் போனா, இது ஷூ பாலிஷ் டப்பாவுக்கு அடியில இருக்கு! மறந்து விட்டுட்டு வரலக்கா. துணி போட்டு மூடி ஒளிச்சு வச்சிருக்காரு." கணவரை நோக்கித் திரும்பினாள். "வேலை வேணாம்னா வேணாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க. வீட்டுலயும் ஒதுங்கி, இங்கயும் ஒதுங்கி. நாலு பேர் உக்காந்து சாப்பிடற இடத்துல உக்காரக்கூட உங்களுக்கு எங்களைப் பிடிக்கல."

வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது போலப் பாவனை செய்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கியர் மெல்லக் கேட்டார். "வீட்டுல கடைசியிலதான் சாப்பிடறாரா?"

"கடைசியில. அதுவும் நின்னுகிட்டு."

"அம்மாடி, அது உங்களைப் பிடிக்காம இல்ல. சமையற்காரனோட முறை அது. எங்க படையில எல்லாரும் சாப்பிட்டாத்தான் அவன் தட்டைத் தொடுவான். அதுக்கு முன்னாடி வெளிய வந்து, 'சாப்பிடாதவன் எவனாவது இருக்கானா?'ன்னு மூணு தடவை கூவுவான். காவல்ல நின்னவன், லாரிக்கு அடியில படுத்துத் தூங்கிப்போனவன்னு எவனாவது ஒருத்தன் விட்டுப் போயிருப்பான். நான் எத்தனையோ நாள் மூணாவது குரலுக்குத்தான் எழுந்து ஓடியிருக்கேன். அவன் தனக்குன்னு வச்சிருந்த தட்டையே என்கிட்ட நீட்டியிருக்கான். அவன் என்னத்தைச் சாப்பிட்டான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல." கியர் மாற்றும் கை அப்படியே நின்றுவிட்டது.

சின்னவள் கணவரைப் பார்த்தாள். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அவள் முகத்திலேயே நின்றது.

"அஞ்சு மாசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இதெல்லாம் சொல்ற விஷயமா?" என்றார் சின்னவர், நிஜமாகவே புரியாமல்.

கியர் தொண்டையைச் செருமினார். "சரி. முறைன்னா முறைப்படியே செய்வோம். கூப்பிட்டுடலாம். யாரும் வரலைன்னா நீ உள்ள போகணும். சம்மதமா?"

சின்னவர் தலையசைத்தார்.

கியர் வாயைச் சுற்றிக் கையைக் குவித்தார். "படையில இருந்தவங்க யாராவது இன்னும் டாக்டரைப் பாக்காம இருக்கீங்களா?"

நீண்ட கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நர்ஸ், "ஐயா, இது ஆஸ்பத்திரி!" என்றாள்.

"ஆமாம்மா, தெரியுது. மருந்து வாடை அடிக்குதே." இரண்டாவது முறையும் கூவினார். பதில் இல்லை. "மூணாவது நீதான் கூப்பிடணும். அது சமையற்காரன் பாத்தியதை."

சின்னவர் பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். மூச்சை இழுத்தார். பிறகு அவரிடமிருந்து வந்த குரலை வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் ஆள்களை ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்த குரல் அது. கண்ணாடிகள் அதிர்ந்தன.

ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது.

நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்த ஒரு பெண்மணி. கையில் பொது வரிசைச் சீட்டு. "நான் இருந்தேன்," என்றாள் தயங்கித் தயங்கி. "ஆனா சண்டைக்கெல்லாம் போகலைங்க. தொலைபேசி இணைப்பு குடுக்கற வேலை. இருபத்திரண்டு வருஷம் காதுல அந்தக் கருவியை மாட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப பேரப்பிள்ளை பேசறதுகூடச் சரியாக் கேக்கல. அதான்... எனக்கும் கேக்கலாமான்னு தெரியல."

மணி பதினொன்று இருபத்தெட்டு. இருந்தது ஒரே இடம்.

பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள். 'ஆண்டவனே, கூப்பிடாமலே இருந்திருக்கலாமே' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக அடுத்த கணமே வெட்கப்பட்டாள்.

சின்னவர் முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, முடிவு தெரிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"வாங்கம்மா," என்றார். "இன்னும் சூடு ஆறல, வாங்க."

அந்த அம்மாளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பதிவேட்டில் அவள் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதுகிறவரை பக்கத்தில் நின்றார். டாக்டரின் அறைக் கதவுவரை கொண்டுபோய் விட்டார்.

சின்னவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "போச்சு," என்றாள். பிறகு, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு குரலில், "என்ன மனுஷன்க்கா இவரு!" என்றாள்.

"தெரியலம்மா. எனக்கு வர்ற கோபத்துல இவரைத் திட்டலாம்னு பாத்தா, வாய் வரமாட்டேங்குது."

விட்டுக் கொடுப்பது பெரிய குணம்தான். ஆனால் வாங்கிக்கொள்ள எதிரே ஒரு கை இருக்கும்போதுதான் அது தானம். யாருமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வந்தால் காக்கைகூடத் தொடாது. காலையில் வீணாகப் போன அதே இடம் இப்போது ஒருவர் கையில் சேர்ந்திருக்கிறது. பெரியவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் அவளுடைய கால்வலி குறையவில்லை. நாளை நாலு மணியும் தள்ளிப் போகவில்லை.

* * *

பத்து நிமிஷம் குறையப் பன்னிரண்டுக்கு அந்த அம்மாள் வெளியே வந்தாள். பின்னாலேயே டாக்டர், பை தோளில், கிளம்புகிற கோலத்தில்.

"டாக்டர், இவரோட நேரத்தைத்தான் எனக்குக் குடுத்துட்டாரு," என்று அந்த அம்மாள் டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிடியை விடவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது நீண்ட காலையாகத்தான் இருந்திருக்கும். "முழுசாப் பாக்க இருபது நிமிஷம் ஆகும். என்கிட்ட பத்துதான் இருக்கு. ஒரு காது பாக்கலாம். வாங்க."

"பதிவேடு!" என்றாள் நர்ஸ்.

சின்னவர் பேனாவை எடுத்துக்கொண்டு, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வேற யாரும்..."

"மூணு தடவை கூப்பிட்டாச்சுப்பா!" என்று கியர் கத்தினார். "இனிமே தட்டை எடு!"

அவர் எழுதினார். 'இல்லை'யின் மேல் கோடு விழுந்தது. 'ஆம்' நேராக நின்றது.

சோதனை நடந்தது கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில். சத்தம் காதில் விழும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே நின்ற இரண்டு பெண்களும் அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெகுநேரம் அசையாமல் இருந்தது. எப்போதோ ஒருமுறை அசைந்தது. மறுபடி வெகுநேரம் அசையவில்லை.

டாக்டர் வெளியே வந்து, மறைக்காமல் சொன்னார். "வலது காது ரொம்பப் போயிடுச்சு. அடுப்பு அந்தப் பக்கம் இருந்திருக்கணும். சான்றிதழுக்கு இது உதவாது. இடது காது எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும். நாளைக்குக் காலையில பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில இருப்பேன். எட்டரைக்குள்ள வந்துட்டா, முதல் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பாத்துடறேன். காது சரியா இருந்தா அங்கேயே எழுதித் தரேன். சரியா இல்லைன்னா..." தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

கியர் மாடிக்குத் திரும்பினார். போகும்போது சின்னவரின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

சின்னவர் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தார். சின்னவள் எப்போதும் போல அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படைப் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அக்கா," என்றாள். "நான் எப்பவும் இந்தப் பக்கம்தான். பஸ்ஸுலயும். படுக்கையிலயும்."

பெரியவள் ஐந்து மாதம் முழுவதும் அந்தப் பக்கத்தில் போய் விழுந்த வார்த்தைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். கேள்விகள், குத்தல்கள், சில நல்ல வார்த்தைகளும் இருந்திருக்கும்.

சின்னவள் எழுந்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, கணவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். உரக்கப் பேசவில்லை. வீட்டில், அடுப்படியில், பேசுகிற குரலில்தான் கேட்டாள்.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுக்கு நானும் கூட வரட்டுமா?"

கூடத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை அழுதது. பெரியவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

சின்னவர் நாடாவிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு லீவு குடுப்பாங்களா?" என்றார்.

சின்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியவள் மாடிப்படி ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி முணுமுணுத்தது. மேலே நாலு வேலை காத்திருந்தது. ஆனால் மனசு கீழேயே நின்றுவிட்டது. சின்னவள் பேசி முடிப்பதற்குள் அவர் தலையைத் தூக்கிவிட்டாரா, முடித்த பிறகு தூக்கினாரா? குரலைக் கேட்டுத்தான் பதில் சொன்னாரா, இல்லை, உதட்டைப் பார்த்தா?

எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.